"செட்" என்ற ஒரே சொல்லுக்குத் தமிழில் எத்தனை சொல்? படகுக் கையேட்டுக்கு உதவி தேவை

தங்கச்சிமடம்_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நாட்டுப்படகு ஆட்களுக்காக ஒரு சின்னக் கையேடு தமிழ்ல கொண்டுவர்றோம். மூலம் இங்கிலீஷ். எஞ்சின், ஜி.பி.எஸ், வயர்லெஸ், லைஃப் ஜாக்கெட், முதலுதவி, ஃபைபர் படகு ஓட்டை அடைக்கிறதுன்னு எல்லாம் கலந்து கிடக்கு. எனக்கு இங்கிலீஷ் ஓரளவு வரும். ஆனா இந்த "செட்" என்கிற சொல்லு பக்கத்துக்குப் பக்கம் வருது, வர்ற இடத்துல எல்லாம் வேற வேற வேசம் போடுது.

போன்ல மொழிபெயர்ப்புல போட்டுப் பார்த்தேன். "செட் ஆஃப் த கரன்ட்" என்பதுக்கு "மின்னோட்டத்தின் தொகுப்பு"ன்னு வந்துச்சு. நடுக்கடல்ல மின்னோட்டத்தை எங்க போய்த் தொகுக்கிறது? "செட் ஆஃப் எ ஃபிளேர்" என்பதுக்கு "ஒரு ஃபிளேரைப் புறப்படுங்கள்". ஃபிளேர்னா ஆபத்துல சைகை காட்டக் கொளுத்துற தீச்சுடர், அதைப் போய்ப் புறப்படுறதா? அதோட போனை மூடி வச்சுட்டேன்.

அகராதியில பார்த்தா வை, அமை, நிறுவு, பொருத்து, பதி, நிர்ணயி, உறை, இறுகு, மறை, தொகுதி, கணம், தயார்னு வரிசையா நிக்குது. இதுல எதை எங்க போடுறது? எல்லா இடத்துக்கும் பொதுவா ஒரே சொல்லு வைக்க வழி உண்டா?

மண்டபம்_டீச்சர்

தம்பி, ஒரே சொல் கிடைக்காது. தேடி அலையவும் வேண்டாம்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்தச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள். ஏறக்குறைய 60,000 சொற்களில் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாவலே அடங்கிவிடும். பிறகு மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது "ரன்" முந்திக்கொண்டது, அதற்கு வினையாக மட்டும் 645 பொருள். இதையெல்லாம் கேட்டு மிரள வேண்டியதில்லை. அடியில் இருப்பது இரண்டே இரண்டு சொல்.

முதலாவது பழைய ஆங்கிலத்துச் "செட்டன்". "உட்கார்" என்று பொருள்தரும் "சிட்" இருக்கிறதே, அதன் பிறவினை. சிட் என்றால் உட்கார். செட் என்றால் உட்கார வை. நமக்கு அமர், அமர்த்து, இரு, இருத்து. இதே வாய்பாட்டில் ஆங்கிலத்தில் இன்னும் சில சோடிகள் உண்டு: லை, லே (கிட, கிடத்து), ரைஸ், ரெய்ஸ் (எழு, எழுப்பு), ஃபால், ஃபெல் (வீழ், வீழ்த்து). லை எங்கே, லே எங்கே என்று பிள்ளைகள் தடுமாறும்போது ஆங்கில இலக்கணத்தை மூடிவைத்துவிட்டுத் தன்வினை, பிறவினை என்று தமிழில் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். "செட்டில்", "சீட்", "சேடில்" (குதிரைச் சேணம்) எல்லாம் இந்த உட்காருகிற குடும்பம்தான். நாமே "சென்னையில செட்டில் ஆயிட்டான்" என்கிறோம், போய் உட்கார்ந்துவிட்டான் என்றுதான் அர்த்தம். ஆனால் "அசெட்" இந்தக் குடும்பம் இல்லை. அது "போதுமான அளவு" என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது.

இரண்டாவது, கூட்டம், தொகுதி என்ற பொருளில் பெயர்ச்சொல்லாக வருவது. லத்தீன் "செக்டா" பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் "செக்ட்" இதன் உடன்பிறப்பு. ஒலி ஒன்றாக இருந்ததால் இரண்டும் காலப்போக்கில் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன. உங்கள் போன் "தொகுப்பு" என்று உளறியது இதனால்தான், தவறான வாசலில் நுழைந்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். மொழிபெயர்க்கும்போது "செட்" என்ன என்று பார்க்காதீர்கள், "செட்"டுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆங்கிலத்தில் வினை அசையாமல் நிற்கும், பக்கத்துப் பெயர் மாறினால் பொருள் மாறும். தமிழில் பெயர்தான் தனக்கு வேண்டிய வினையைக் கையோடு அழைத்து வரும். அலாரம் வைப்போம். கண்ணி வைப்போம். தீயும் வைப்போம். மோதிரத்தில் கல்லைப் பதிப்போம். எலும்பைக் கூட்டிக் கட்டுவோம். பாட்டுக்கு மெட்டு அமைப்போம். ஈய எழுத்தைக் கோப்போம். சாதனையைப் படைப்போம். சாப்பாட்டு மேசை நமக்கு எதற்கு, இலை போடுவோம். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் "செட்" ஒன்றே. வினாத்தாளை மட்டும் எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் தயாரித்தது கிடையாது, எல்லாரும் "செட்" தான் பண்ணினோம்.

ஒத்தசொல் பட்டியலை நம்பாதீர்கள். ஆங்கில அகராதியிலும் புட், பிளேஸ், லே, ஃபிக்ஸ், அரேஞ்ச் என்று அடுக்கியிருப்பார்கள். மேசைக்கு "லே" பொருந்தும், "புட்" பொருந்தாது. சூரியன் சாய்வதற்கு அந்தப் பட்டியலில் ஒன்றுகூட உதவாது. பட்டியலில் பக்கத்தில் இருப்பதால் பங்காளி ஆகிவிடாது.

பாம்பன்_வாடை

டீச்சர் சொன்னது அத்தனையும் சரி. ஆனா கடல் பாடம் ஒண்ணு பாக்கி இருக்கு. நான் கப்பல்ல வேலை பார்த்துட்டு ஊர் திரும்பினவன், அதுனால சொல்றேன்.

"செட் ஆஃப் த கரன்ட்" என்பது தொகுப்பும் இல்ல, வைக்கிறதும் இல்ல. சார்ட்டு (கடல் வரைபடம்) பார்க்குறவங்க ரெண்டு சொல்லைச் சேர்த்தே சொல்லுவாங்க: செட், டிரிஃப்ட். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்குதோ அது செட். எவ்வளவு வேகத்துல இழுக்குதோ அது டிரிஃப்ட். வேகம் நாட் கணக்கு. ஒரு நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, கையேட்டுல மாறிப்போனா ஆள் திசைமாறிப் போயிருவான். காத்துக்குப் பேரு அது எங்கேருந்து வருதுங்கிறதை வச்சு. வாடைன்னா வடக்கேருந்து வர்றது. இங்கிலீஷ்காரனுக்கும் நார்த் விண்ட்னா வடக்கேருந்து வர்றதுதான். ஆனா நீரோட்டத்துக்கு அவன் சொல்ற திசை அது எங்கே போகுதோ அந்தத் திசை. "செட் சவுத்"னா தெக்கேருந்து வருதுன்னு அர்த்தம் இல்ல, தெக்கே கொண்டுபோகுதுன்னு அர்த்தம். காத்தும் நீவாடும் ஒரே வரியில வர்ற இடத்துல ரொம்பக் கவனமா இரு.

சும்மா சொல்லு ஆராய்ச்சிக்காகச் சொல்லல. எஞ்சின் நின்னுபோன வல்லத்தை ரெண்டு நாட் நீவாடு மூணு மணி நேரம் இழுத்தா ஆறு கடல் மைல், பதினோரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. தனுஷ்கோடிக்கு அந்தாண்டை அவ்வளவு தூரம் தானாப் போனா என்ன ஆகும்னு உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா? "நீவாடு இழுக்கும் பக்கம்"னு போடு. படிச்ச உடனே புரியும்.

அப்புறம், "செட் த நெட்". எங்களுக்கு வலை வைக்கிறது கிடையாது, வலை விடுறதுதான். தூண்டில் போடுறது. நங்கூரம் போடுறது. மீன் பிடிக்கிற கூடு வைக்கிறது. அவன் நாலுக்கும் செட்னே எழுதியிருந்தாலும் நீ எழுதுறப்ப மூணு வினை வேணும்.

மன்னார்க்_கரை

வணக்கம். நான் கடலுக்கு இஞ்சால, மன்னார்ப் பக்கம். உங்கட மின்னோட்டத் தொகுப்பை வாசிச்சுப்போட்டுத் தனியச் சிரிச்சுக்கொண்டிருந்தன்.

ஒரு சின்ன விசயம். தம்பியின்ர பட்டியலில "கணம்" எண்டு கிடக்கு. எங்கட கணித பாடத்தில அதுக்குத் தொடை எண்டுதான் பேர். உங்கட உட்கணம் எங்களுக்குத் தொடைப்பிரிவு. ஒரே பாடம், ஒரே படம், ரெண்டு வட்டத்தையும் கீறி நடுவில நிழல் அடிக்கிறதும் ஒண்டுதான். சொல் மட்டும் கடல் தாண்டேக்க மாறிப்போச்சு.

மண்டபம்_டீச்சர்

> எங்கட கணித பாடத்தில அதுக்குத் தொடை எண்டுதான் பேர்

அருமை. எங்கள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் பாடத்தின் தலைப்பே "கண மொழி". கணம் என்றால் கூட்டம், பூதகணம் என்பதுபோல. தொடை என்றால் தொடுக்கப்பட்டது, பூவைத் தொடுப்பதுபோல. யாப்பில் எதுகைத் தொடை, மோனைத் தொடை என்கிறோமே அது. எனக்கு உங்களுடையதுதான் பிடித்திருக்கிறது. "கணம்" என்றவுடன் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஏர்வாடி_வயரிங்

தூய தமிழ்ல கையேடு போடுறப்ப "செட்"டை அடியோட ஒழிச்சுரணும்னு நான் சொல்லுவேன். வயர்லெஸ் செட்டுன்னு எதுக்கு எழுதணும்? கம்பியில்லாத் தொடர்புக் கருவின்னு எழுதுங்க.

பாம்பன்_வாடை

படகு ஆடுற ஆட்டத்துல "கம்பியில்லாத் தொடர்புக் கருவியை எடு"ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அலை ரெண்டு ஏறிப்போயிரும் தம்பி. செட்டை எடுன்னா எடுப்பான்.

வாலிநோக்கம்_வாலிபால்

நானும் பாம்பன் அண்ணே கட்சி. "செட்" நம்ம ஊருக்கு வந்து ரேசன் கார்டு வாங்கி ரொம்ப நாளாச்சு. திருவிழாவுக்கு மைக் செட். தோட்டத்துக்குப் பம்புசெட். தாத்தாவுக்குப் பல்செட். ஓட்டல்ல செட் தோசை. கூடப் படிச்சவன் "எங்க செட்டு". இதுல மைக் செட்டுன்னு ஒரு வெள்ளைக்காரன்கிட்ட சொல்லிப்பாருங்க, முழிப்பான்.

எங்க வாலிபால்ல ஒரே ஆட்டத்துக்குள்ள இங்கிலீஷ்ல ரெண்டு செட் இருக்கு. 25 பாயின்ட் எடுத்து ஜெயிக்கிறது ஒரு செட் (அஞ்சாவது செட் மட்டும் 15). அடிக்கிறவனுக்கு வாகா பந்தை மேல தூக்கிக் குடுக்கிறதும் செட். நாங்க தூக்கிக் குடுக்கிறவனை பூஸ்டர்னு கூப்பிடுறதால குழப்பம் இல்ல.

"செட்டப்" பத்தி யாரும் பேசல. அதுக்குத் தமிழ்ல இன்னொரு அர்த்தமும் உண்டு. டீச்சர் இருக்காங்க, வேண்டாம்.

மண்டபம்_டீச்சர்

தெரியும், மேலே போங்கள்.

வாலிபால் தம்பி எடுத்த நூலை நான் கொஞ்சம் நீட்டுகிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் விடைத்தாளில் இது அடிக்கடி கண்ணில் படும். நாம் "அந்த வேலை எனக்கு செட் ஆகல" என்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்தில் "தி ஜாப் டிட் நாட் செட் ஃபார் மி" என்று எழுதினால் அங்கே ஒருவருக்கும் புரியாது. அவர்கள் அந்த இடத்தில் "சூட்" என்பார்கள், இல்லையென்றால் "வொர்க் அவுட்". "அந்தச் சட்டை உனக்கு செட் ஆகுது" என்பதும் அப்படியே. இந்தச் "செட் ஆகுது" முழுக்க முழுக்க நம் உற்பத்தி. பொருந்து, ஒத்துப்போ, சரிப்படு, வாகாக அமை என்று நாலு தமிழ் வினையின் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. "எனக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை" என்பதில் இருக்கும் நயம் "செட் ஆகல"வில் இல்லை. ஆனால் வயர்லெஸ் செட்டை ஒழிப்பதால் அது திரும்பி வரப்போவதில்லை. ஏர்வாடித் தம்பி தப்பான செட்டோடு சண்டைக்கு நிற்கிறார்.

சொல்ல மறந்தேன், "செட்டு" என்று அசல் தமிழ்ச் சொல்லும் ஒன்று உண்டு. வாணிகம், சிக்கனம் என்று பொருள். "கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்துகிறாள்" என்கிறோமே, அந்தச் செட்டு. ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கீழக்கரை_லாத்தா

காக்காமாரெல்லாம் (எங்க ஊர்ல அண்ணன்மார்) கடலுக்குள்ளேயே நிக்கிறீங்க. கொஞ்சம் அடுப்படிப் பக்கமும் வாங்க.

சமையல் வீடியோவுல "லெட் இட் செட்"னு சொல்லுவாங்க. எங்க ஊர்ல நோன்புக்குக் கடப்பாசி (அகர் அகர்) காய்ச்சாத வீடு குறைவு. பாசி நல்லாக் கரையணும், கரைஞ்சதும் பாலும் சீனியும் சேர்த்து, தட்டுல ஊத்தி, ஆட்டாம ஒரு ஓரமா வச்சுரணும். விரல் நுனியால மேல தொட்டா ஒட்டக்கூடாது. தட்டைச் சாய்ச்சா நடுவு அப்படியே நிக்கணும், ஓரம் மட்டும் லேசாக் கழண்டு வரணும். அந்தப் பதம்தான் செட். எங்க வீட்டுல "உறைஞ்சுருச்சா?"ன்னுதான் கேட்போம்.

ஜெலட்டின்ல செய்யிற புட்டிங்குக்கெல்லாம் ஃபிரிட்ஜ் வேணும். கடப்பாசிக்கு வேணாம். 35 டிகிரி பக்கம் ஆறினாலே உறைஞ்சுரும், திரும்ப உருக்கணும்னா 85 டிகிரிக்கு ஏத்தணும். நம்ம ஊர் வெயில்ல தட்டு மேசையில கிடந்தாலும் ஓடாம நிக்கிறது அதுனாலதான். கடையில பாக்கெட்ல விக்கிற பாசிக்கு மூலப்பொருளே நம்ம கடல்ல பொம்பளைங்க முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான், அதையும் சொல்லிக்கிறேன்.

டீச்சரம்மா, எனக்கு ஒரு சந்தேகம். தயிர் உறையுது, கடப்பாசி உறையுது, ரத்தம் உறையுது, தண்ணி ஐஸா உறையுது. நமக்கு எல்லாம் ஒரே உறை. இங்கிலீஷ்ல?

மண்டபம்_டீச்சர்

லாத்தா, அங்கே ஆளுக்கொரு சொல். கடப்பாசி செட் ஆகும், தயிரும் செட் ஆகும், ரத்தம் கிளாட் ஆகும், தண்ணீர் ஃபிரீஸ் ஆகும். அவர்களுடைய செட் நம்மைப் பாடாய்ப் படுத்துவதுபோல நம்முடைய "உறை" அவர்களைப் படுத்தும். கைக்குப் போடுகிற உறை, கடிதத்தின் உறை, தயிருக்கு ஊற்றுகிற உறை என்று போனால் பாவம், அவர்கள் ஒரு இழை தொடங்க வேண்டியதுதான்.

தேவிபட்டினம்_மேஸ்திரி

கட்டட வேலைக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா.

செட் ஆகுறது வேற, பலம் ஏறுறது வேற. நிறையப் பேர் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்கிறாங்க. சாதா போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தரப்படி தண்ணி பட்டதுலேருந்து முதல் இறுக்கம் 30 நிமிசத்துக்கு முன்னாடி வரக்கூடாது, கடைசி இறுக்கம் 600 நிமிசத்தைத் தாண்டக்கூடாது. அது செட்டிங். பலம் கணக்குப் பார்க்குறது 28 நாளைக்கு அப்புறம். கலவை முதல் இறுக்கம் கண்டப்புறம் தண்ணி தெளிச்சுக் கிண்டி மறுபடியும் பூசுறவங்க உண்டு. பாக்கிறதுக்கு இளகின மாதிரி இருக்கும், ஆனா செத்த கலவை அது.

கையேட்டுல சிமெண்டு இருக்காது, தெரியும். ஆனா ஃபைபர் ஒட்டுறது இருக்குன்னு தம்பி சொல்லியிருக்கு. ரெசினுக்கும் இதே பாடம்தான். "ரெசின் செட் ஆகும் வரை"ன்னு இருந்தா "ரெசின் இறுகும் வரை"ன்னு போடுங்க, "உறையும் வரை" வேண்டாம். உறையிறதுன்னா மறுபடி உருகும்னு நம்ம ஆளுக்குத் தோணும். ரெசின் ஒரு தடவை இறுகினா இறுகினதுதான். வெயில் நேரத்துல சீக்கிரம் இறுகிரும், கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. ரெசினை இறுக வைக்கச் சேர்க்கிற கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிலரேட்டரையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்தக்கூடாது, வெடிச்சுரும். ஒண்ணை ரெசின்ல முழுசாக் கலந்துட்டுத்தான் அடுத்தது. இது மூலத்துல இல்லேன்னாலும் சேர்த்துருங்க.

ராம்நாடு_குமாஸ்தா

வக்கீல் ஆபீஸ் ஆசாமி. எங்கள் தொழிலில் "செட்" இரண்டு இடத்தில் ஆளை விழுத்தாட்டும்.

ஒன்று "செட் அசைட்". வீட்டில் "மணி செட் அசைட்" என்றால் பணத்தை ஒதுக்கி வைப்பது, நல்ல காரியம். கோர்ட்டில் "ஆர்டர் செட் அசைட்" என்றால் உத்தரவு ரத்து. ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு கட்சிக்காரர் நிம்மதியாக இருந்தார். எதிராளி வராததால் ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பு அவருடையது, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9, விதி 13-இன் கீழ் அதைத்தான் ரத்து செய்திருந்தார்கள். வழக்கு மறுபடி முதலிலிருந்து.

இன்னொன்று "செட் ஆஃப்". வரவேண்டியதையும் தரவேண்டியதையும் நேர்செய்து மிச்சத்துக்கு மட்டும் பேசுவது. அடகுக் கடன் பாக்கிக்காக சேமிப்புக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டோம் என்று ஒரு வங்கியிலிருந்து எங்கள் வீட்டுக்கே கடிதம் வந்தது, அதிலும் இந்தச் சொல்தான். மேலே தம்பி கேட்ட ஃபிளேரும் "செட் ஆஃப்". ஊருக்குக் கிளம்புவதும் "செட் ஆஃப்".

வாலிநோக்கம்_வாலிபால்

கிளம்பு, கொளுத்து, கழி. மூணுக்கும் ஒரே "செட் ஆஃப்"பா? இதுக்கு என்ன நியாயம் டீச்சர்?

மண்டபம்_டீச்சர்

நியாயம் இருக்கிறது, கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். "ஆஃப்" என்பது விலகுதலைக் காட்டும். இருந்த இடத்தை விட்டுக் கிளம்புவது; அடங்கிக் கிடந்த மருந்தைச் சீறிக் கிளப்புவது; கணக்கிலிருந்து பெயர்த்து எடுப்பது. இப்படி ஒட்டுச்சொல் சேரும்போது செட்டின் உயிர் ஒட்டுக்குப் போய்விடும். "செட் அவுட்" என்றால் ஒரு நோக்கத்தோடு புறப்படுவது, அல்லது விவரமாக எடுத்துவைப்பது. "செட் அப்" நிறுவுவது, ஆளைப் பொய்யாக மாட்டிவிடுவதும் அதுதான். "செட் பேக்" தள்ளிப்போடுவது. சேர்த்து எழுதிப் பெயராக்கினால் பின்னடைவு. "அப்செட்" பழைய காலத்தில் நிமிர்த்தி நிறுத்துவதைக் குறித்தது, இன்று கவிழ்ப்பதைக் குறிக்கிறது. படகு அப்செட் என்றாலும் கவிழ்ந்தது, மனசு அப்செட் என்றாலும் கவிழ்ந்ததுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது "செட் இன்". மழை, குளிர், காற்று, சீழ் இவற்றோடு வரும். வந்துவிட்டுப் போகிறதல்ல, வந்து உட்கார்ந்துகொள்வது. இதற்கு அகராதிகள் "தொடங்கு" என்று தருகின்றன, அரைகுறை. தமிழில் இதற்குக் கச்சிதமான சொல் தெருவில் கிடக்கிறது: மழை பிடித்துக்கொண்டது. தூறல் போட்டது வேறு, மழை பிடித்துக்கொண்டது வேறு. ஐப்பசியில் கூரையைப் பார்த்து அம்மாக்கள் சொல்வது இரண்டாவதைத்தான்.

இன்னொரு எச்சரிக்கை. செட்டுக்கு இறந்தகால வடிவம் தனியாகக் கிடையாது. செட், செட், செட். "தே செட் த நெட்" என்றால் விடுகிறார்களா, விட்டார்களா என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. முன்வரி, பின்வரி பாருங்கள்.

பாம்பன்_வாடை

> மழை பிடித்துக்கொண்டது

காத்துக்கும் அதேதான் டீச்சர். வாடை பிடிச்சிருச்சுன்னா பிறகு நாள்கணக்குல விடாது. கையேட்டுல "இஃப் பேட் வெதர் செட்ஸ் இன்"னு இருந்தா "காத்து பிடிச்சுட்டா"ன்னு போடலாம்.

பழைய பாரோமீட்டர் முகப்புல ஊசி நிக்கிற இடத்துல எல்லாம் சொல்லு எழுதியிருக்கும்: புயல், மழை, மாற்றம், தெளிவு. அதுக்கும் மேல ஒண்ணு "செட் ஃபேர்". இப்போதைக்கு மாறாது, நல்லாவே இருக்கும்னு அர்த்தம். அங்கேயும் அந்த "உட்கார்ந்துக்கிட்டது"தான்.

தங்கச்சிமடம்_தம்பி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சர் சொன்ன மாதிரி பக்கத்துல யாரு நிக்கிறாங்கன்னு பார்த்து எல்லாத்தையும் மாத்திட்டேன். முக்கியமானதை இங்க போடுறேன், தப்பு இருந்தா சொல்லுங்க.

கிளம்புமுன் கூடுதல் ஸ்பேனர் செட் ஒன்று எடுத்துக்கொள்ளவும். (இதுல செட்டை விட்டுட்டேன், கடையிலயும் அப்படித்தான் கேக்குறோம்.)
நீவாடு இழுக்கும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வலை விடவும்.
குடிதண்ணீரில் ஒரு கேனைத் தனியே ஒதுக்கி வைக்கவும்.
காற்று பிடித்துவிட்டால் கரை திரும்பவும்.
சூரியன் மறைந்தது முதல் உதிக்கும் வரை விளக்கு எரிய வேண்டும்.
எலும்பு முறிந்திருந்தால் எலும்பைப் பொருத்த முயல வேண்டாம்.
ஆபத்தில் ஃபிளேரைக் கொளுத்தவும்.
ராத்திரியில் முறை வைத்துக் காவலுக்கு ஆள் நிறுத்தவும். (இது "செட் எ வாட்ச்". முதல்ல கடிகாரத்துக்கு மணி வைக்கிறதுன்னு நெனச்சு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.)
வயர்லெஸ்ஸை சேனல் 16-க்கு அமைக்கவும். (ஆபத்து அழைப்புக்கான சேனல்.)

மண்டபம்_டீச்சர்

எலும்பு வரி: "பொருத்த" என்றால் ஆணி அடிப்பதுபோல இருக்கிறது. "எலும்பை நேராக்கவோ கூட்டவோ முயல வேண்டாம், இருக்கிற நிலையிலேயே அசையாமல் பலகை வைத்துக் கட்டவும்" என்று எழுதுங்கள். நாட்டு வைத்தியத்தில் எலும்பு கூட்டுவதைப் பார்த்திருப்பவர்கள் படகிலேயே இழுத்துப் பார்த்துவிடுவார்கள், அதைத்தான் மூலத்தில் தடுக்கிறார்கள்.

தேவிபட்டினம்_மேஸ்திரி

ரெசின் வரி விட்டுப்போச்சு தம்பி.

தங்கச்சிமடம்_தம்பி

இருக்கு மேஸ்திரி அண்ணே, உங்க எச்சரிக்கையைத் தனிக் கட்டம் கட்டிப் போட்டிருக்கேன். இங்க நீளமாகும்னு விட்டுட்டேன்.

பாம்பன்_வாடை

ஃபிளேர்ல ரெண்டு வகை இருக்கு. கையில பிடிக்கிறதைக் கொளுத்துறது, மேல போறதை விடுறது. ரெண்டையும் பிரிச்சு எழுது. கையில பிடிக்கிறதை, காத்து எந்தப் பக்கம் அடிச்சுப் போகுதோ அந்தப் பக்கம் படகுக்கு வெளியே நீட்டிப் பிடிக்கணும், இல்லேன்னா தீப்பொறி நம்ம மேலேயே விழும்.

சூரியன் மறையிற வரியில "பொழுதடைஞ்சதும்"னு யாராவது மாத்தச் சொன்னா மாத்தாத. நம்ம ஆளுக்குப் பொழுதடையிறதுன்னா நல்லா இருட்டுற வரைக்கும் இழுக்கலாம். விதியில சொல்றது சூரியன் மறையிற நேரத்தையே.

கடைசி வரி. "சேனல் 16-க்கு அமைக்கவும்"னா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு. "செட்டை 16-ல வை"ன்னு போடு. பெரிய எழுத்துல, அட்டையிலேயே.

ஏர்வாடி_வயரிங்

சரி, அந்த ஒரு செட்டை விட்டுத் தர்றேன்.